முள்ளம்பன்றி சின்னம்! மோட்டார் டிரைவர் தொடங்கிய கால்பந்து கழகம்!

முள்ளம்பன்றி சிறிய பிராணிதான். ஆனால், சிறுத்தை கூட அதன் மீது பாய யோசிக்கும். பாய்ந்தால், வாயெல்லாம் முள்!

அந்த முள்ளம்பன்றியைச் சின்னமாக வைத்திருக்கிறது, ஒரு கால்பந்து கழகம். அதன் பெயர் "அசாந்தே கொட்டோகோ". "கொட்டோகோ" என்றால் முள்ளம்பன்றி என்று அர்த்தம்.

மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டில் இருக்கிறது இந்தக் கழகம். ஆப்பிரிக்கக் கண்டத்தின் சாம்பியன் கோப்பையை 2 முறை வென்ற கழகம் இது. தன் நாட்டு லீக் பட்டத்தை 20 முறைக்கு மேல் வென்ற கழகம்.

இதைத் தொடங்கியவர் யார் தெரியுமா?

ராஜாவா? இல்லை. பணக்கார வியாபாரியா? அதுவும் இல்லை.

ஒரு மோட்டார் டிரைவர்!

டிரைவரின் ஆசை

அந்த டிரைவரின் பெயர் குவாசி குமா. அவர் ஊர் குமாசி. அசாந்தே இனத்தைச் சேர்ந்த வாலிபர்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை எந்தக் கிழமையில் பிறக்கிறதோ, அந்தக் கிழமையின் பெயரை வைப்பார்கள். "குவாசி" என்றால் ஞாயிற்றுக்கிழமை பிறந்த ஆண் பிள்ளை என்று பொருள்.

அப்போது கானாவுக்கு "கோல்டு கோஸ்டு" என்று பெயர். அதாவது, தங்கக் கடற்கரை. வெள்ளைக்காரர்கள் அதை ஆண்டு கொண்டிருந்தார்கள்.

கர்னல் ராஸ் என்ற ஆங்கிலேய அதிகாரிக்குக் குமா கார் ஓட்டினார். துரை எங்கே போனாலும் டிரைவரும் போக வேண்டும் அல்லவா? 1924-ம் ஆண்டு, துரையுடன் அக்ரா நகரத்துக்குப் போனார்.

அக்ரா, தலைநகரம். கடற்கரையில் இருக்கிறது. குமாசியோ உள்நாட்டில், காடு சூழ்ந்த பகுதியில் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 250 கிலோ மீட்டர் தூரம். 1923-ம் ஆண்டில்தான் இரண்டு ஊரையும் ரெயில் பாதை இணைத்தது.

அக்ராவில் கழகங்கள் ஒன்றோடு ஒன்று மோதும் கால்பந்து பந்தயங்களைக் குமா பார்த்தார். பார்த்ததும் ஆசை பிறந்தது.

"நம் ஊரிலும் இப்படி ஒரு கழகம் வேண்டும்!"

இதுதான் அந்த ஆசை.

நிலா வெளிச்சத்தில் பயிற்சி

அந்த நாட்டில் கால்பந்து எப்படிப் பரவியது?

அது ஒரு சுவையான கதை.

கேப் கோஸ்ட் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே சர்க்கார் ஆண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. அதன் தலைமை ஆசிரியர் பிரிட்டன் என்பவர். அவர் ஜமைக்கா தீவைச் சேர்ந்தவர்.

1903-ம் ஆண்டு, அவர் தன் மாணவர்களைச் சேர்த்து ஒரு கால்பந்து குழு அமைத்தார். அதற்கு "எக்செல்சியர்" என்று பெயர்.

பையன்கள் பகலில் பயிற்சி செய்யவில்லை. இரவில், நிலா வெளிச்சத்தில், யாருக்கும் தெரியாமல் பந்து உதைத்துப் பழகினார்கள்! நன்றாகத் தேறிய பிறகுதான், அந்த ஆண்டு டிசம்பர் மாதம், ஊர் மக்கள் முன்னால் ஆடிக் காட்டினார்கள்.

அதன் பிறகு, கடற்கரை ஊர்களில் எல்லாம் கழகங்கள் முளைத்தன. 1911-ம் ஆண்டு அக்ராவில் "ஹார்ட்ஸ் ஆப் ஓக்" என்ற கழகம் பிறந்தது. இன்றைக்கும் அது இருக்கிறது.

கடற்கரையில் பிறந்த ஆட்டம், இப்படியாக ஒரு டிரைவரின் மனதில் ஏறி, குமாசிக்கு வந்து சேர்ந்தது.

வானவில் சட்டை

ஊர் திரும்பிய குமா, தனக்கு ஒரு துணை தேடினார். கிடைத்தவர் எல்.ஒய்.அசமோவா. அவர் எலெக்ட்ரீசியன்.

டிரைவரும் எலெக்ட்ரீசியனும் சேர்ந்து, 1926-ம் ஆண்டு கழகத்தைத் தொடங்கினார்கள்.

ஆட ஆள் கிடைத்துவிட்டது. சட்டை வேண்டுமே!

உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள். அந்தப் பணத்தில் சட்டை வாங்கினார்கள். சட்டையில் பல நிறங்கள் இருந்தன. பார்ப்பதற்கு வானவில் போல இருந்தது.

அதனால், கழகத்துக்கு "ரெயின்போ" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ரெயின்போ என்றால் வானவில்.

அந்தக் காலத்தில் கால்பந்து ஒரு பிழைப்பு அல்ல. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை உண்டு. வேலை முடிந்த பிறகுதான் பந்து. கழகம் அவர்களுக்குப் பணம் கொடுக்கவில்லை. அவர்கள்தான் கழகத்துக்குப் பணம் கொடுத்தார்கள்!

பெயர் மாற்றினால் போதுமா?

வானவில் அழகாக இருந்தது. ஆனால், வெற்றி தொடர்ந்து வரவில்லை.

"பெயரை மாற்றினால் அதிர்ஷ்டம் வருமோ?" என்று நினைத்தார்கள்.

1931-ல் "அசாந்தி யுனைடெட்" என்று மாற்றினார்கள். பிறகு "டைட்டானிக்ஸ்" என்றும், "மைட்டி ஆட்டம்ஸ்" என்றும் பெயர்கள் வந்தன.

பெயர்தான் மாறியது. ஆட்டம் மாறவில்லை.

அப்போது ஓர் ஆசிரியர் முன்வந்தார். அவர் பெயர் ஜே.எஸ்.கே.பிரிம்பாங்.

"கொட்டோகோ என்று பெயர் வையுங்கள்" என்று அவர் யோசனை சொன்னார்.

நல்ல பெயர்தான். ஆனால், ஒரு சிக்கல் இருந்தது. முள்ளம்பன்றி, அசாந்தே நாட்டின் அடையாளம். அந்தப் பெயரை நினைத்தவர்கள் எல்லாம் வைத்துக்கொள்ள முடியாது. ராஜாவின் அனுமதி வேண்டும்!

ஆயிரம் பேர் வருவார்கள்!

அசாந்தே மக்களுக்கு முள்ளம்பன்றி மீது ஏன் அவ்வளவு மதிப்பு?

முள்ளம்பன்றியின் உடம்பிலிருந்து முள் விழுந்தாலும், அந்த இடத்தில் புது முள் முளைக்கும். அதனால், அசாந்தே மக்களிடம் ஒரு பழமொழி உண்டு.

"ஆயிரம் பேரைக் கொன்றால், இன்னும் ஆயிரம் பேர் வருவார்கள்!"

அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. அசாந்தே மக்கள் வெள்ளைக்காரர்களுடன் பல முறை போர் செய்தவர்கள்.

1896-ம் ஆண்டு, முதலாம் பிரெம்பே ராஜாவை வெள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு, நடுக்கடலில் உள்ள செசல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

1900-ம் ஆண்டு, வெள்ளைக்கார கவர்னர் குமாசிக்கு வந்தார். அசாந்தே மக்களின் தங்கச் சிம்மாசனத்தைக் கேட்டார். அந்தச் சிம்மாசனத்தில் தங்கள் இனத்தின் உயிரே இருப்பதாக அந்த மக்கள் நம்பினார்கள். அதில் ராஜாவே உட்கார மாட்டார்!

மக்கள் கொதித்து எழுந்தார்கள். யா அசந்தேவா என்ற வீரப் பெண்மணி தலைமை தாங்கினார். போர் மூண்டது. கடைசியில் அவரையும் பிடித்துச் செசல்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். 1921-ல் அங்கேயே அவர் இறந்தார்.

தங்கச் சிம்மாசனம் மட்டும் வெள்ளைக்காரர் கையில் கிடைக்கவில்லை!

நாடு கடத்தப்பட்ட பிரெம்பே ராஜா, 1924-ல்தான் குமாசிக்குத் திரும்பினார். டிரைவர் குமாவுக்குக் கால்பந்து ஆசை பிறந்த அதே ஆண்டு!

ராஜா கொடுத்த அனுமதி

முதலாம் பிரெம்பே 1931-ல் காலமானார். அவருக்குப் பின் இரண்டாம் பிரெம்பே வந்தார்.

1935-ம் ஆண்டு ஜனவரியில், அசாந்தே ராஜா பட்டத்தை வெள்ளைக்கார சர்க்கார் மீண்டும் ஏற்றுக்கொண்டது. சுமார் 40 ஆண்டுகளுக்குப் பிறகு, அசாந்தே மக்களுக்குத் தங்கள் ராஜா முறைப்படி கிடைத்தார். ஊரெங்கும் மகிழ்ச்சி!

அதே ஆண்டுதான், கழகத்தின் வேண்டுகோள் ராஜாவிடம் போனது.

ராஜா அனுமதி கொடுத்தார். கழகத்தின் ஆயுட்காலப் புரவலராக இருக்கவும் சம்மதித்தார்.

1935 ஆகஸ்டு 31-ந் தேதி, டிரைவர் தொடங்கிய கழகம் "அசாந்தே கொட்டோகோ" ஆயிற்று.

இனி அது நாலு பேர் சேர்ந்து ஆடும் கழகம் அல்ல. ஓர் இனத்தின் மானமே அதில் சேர்ந்துவிட்டது.

வெறுங்கால் வீரர்கள்

1951-ம் ஆண்டு, கோல்டு கோஸ்டு கால்பந்து குழு இங்கிலாந்துக்குப் போனது. கொட்டோகோ ஆட்டக்காரர் ஜேம்ஸ் அட்ஜேயும் அதில் இருந்தார்.

அந்தக் குழுவினர் வெறுங்காலுடன் ஆடினார்கள்! இங்கிலாந்து மக்கள் ஆச்சரியத்துடன் பார்த்தார்கள்.

சுடுமண்ணில் ஓடிப் பழகிய கால்கள் அவை. குளிரிலும் ஈரப் புல்லிலும் திண்டாடின. பல பந்தயங்களில் தோல்விதான். ஆனாலும், அவர்கள் பந்தைக் கையாண்ட விதத்தைக் கண்டவர்கள் மறக்கவில்லை.

1957-ம் ஆண்டு மார்ச் மாதம், நாடு சுதந்திரம் பெற்றது. "கானா" என்று புதுப் பெயர் பெற்றது. அதே ஆண்டு, இங்கிலாந்தின் புகழ் பெற்ற ஆட்டக்காரர் ஸ்டான்லி மாத்யூஸ் கானாவுக்கு வந்தார். ஹார்ட்ஸ் ஆப் ஓக் குழுவுடன் சேர்ந்து ஆடினார். அப்போது அவருக்கு வயது 42!

சுதந்திர நாட்டில் லீக் பந்தயம் சூடு பிடித்தது. 1959-ல் கொட்டோகோ முதல் முறையாக லீக் பட்டத்தை வென்றது.

குதிரை வீரர் பாபா யாரா

அந்தக் காலத்தில் கொட்டோகோவின் கண்மணியாக இருந்தவர் பாபா யாரா.

முதலில் அவர் குதிரைப் பந்தயத்தில் குதிரை ஓட்டியவர். 1955-ம் ஆண்டு வாக்கில் கால்பந்துக்கு வந்தார். பந்துடன் ஓரமாகப் பறந்தார் என்றால், பிடிக்க ஆள் கிடையாது! குதிரை ஓட்டியவர், குதிரை போலவே ஓடினார்.

கானா தேசியக் குழுவிலும் அவர் ஆடினார்.

1961-ல், ஜனாதிபதி நிக்ருமாவின் ஆதரவுடன் "ரியல் ரிபப்ளிகன்ஸ்" என்ற புதுக் கழகம் உண்டாயிற்று. ஒவ்வொரு கழகத்தில் இருந்தும் சிறந்த ஆட்டக்காரர்கள் அதற்கு எடுக்கப்பட்டார்கள். பாபா யாராவும் போனார். மற்றக் கழகங்களுக்கு வருத்தம். என்ன செய்வது?

1963 மார்ச் 24-ந் தேதி, ரியல் ரிபப்ளிகன்ஸ் குழு வெளியூரில் ஆடிவிட்டு பஸ்சில் திரும்பிக் கொண்டிருந்தது. வழியில் பஸ் விபத்துக்கு உள்ளாயிற்று.

பாபா யாராவின் முதுகெலும்பில் பலத்த அடி. இங்கிலாந்தில் சிகிச்சை நடந்தது. ஆனாலும், அவரால் மீண்டும் நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் நாடு திரும்பினார்.

காற்றாய்ப் பறந்த கால்கள் ஓய்ந்துவிட்டன!

அதே ஆண்டுக் கடைசியில், கானா தேசியக் குழு முதல் முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. அந்தக் குழுவில் அவர் இல்லை.

1969-ல் பாபா யாரா காலமானார். குமாசி விளையாட்டு அரங்குக்கு இன்று அவர் பெயர்தான்.

வந்து சேராத செய்தி

1967-ம் ஆண்டு. ஆப்பிரிக்க சாம்பியன் கழகங்களின் கோப்பைப் பந்தயம்.

கொட்டோகோ இறுதிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. எதிர்த்து நின்றது காங்கோ நாட்டின் "எங்கிள்பெர்ட்" கழகம். இன்று "மசெம்பே" என்று பெயர் பெற்றிருப்பது அதே கழகம்தான்.

குமாசியில் ஒரு ஆட்டம். 1-க்கு 1. சமம்!

காங்கோவில் கின்ஷாசா நகரில் மறு ஆட்டம். 2-க்கு 2. மீண்டும் சமம்!

மூன்றாவதாக ஓர் ஆட்டம் நடத்த ஏற்பாடாயிற்று. டிசம்பர் மாதம், கேமரூன் நாட்டில் ஆட வேண்டும்.

எங்கிள்பெர்ட் குழு வந்தது. கொட்டோகோ வரவில்லை!

பயந்துவிட்டார்களா? இல்லை.

ஆட்டம் நடக்கப் போகிறது என்ற செய்தியே அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை!

கோப்பை எங்கிள்பெர்ட்டுக்குப் போயிற்று. களத்தில் ஒரு முறை கூடத் தோற்காமல், கொட்டோகோ கோப்பையை இழந்தது. குமாசி மக்கள் துடித்தார்கள்.

அடுத்த ஆண்டும் எங்கிள்பெர்ட்டே கோப்பையை வென்றது.

மீண்டும் அதே ஊர்!

3 ஆண்டுகள் ஓடின. 1970-ம் ஆண்டுப் பந்தயம். இறுதிக் கட்டத்தில் மீண்டும் கொட்டோகோ. எதிரில் நின்றது யார்?

அதே எங்கிள்பெர்ட்!

1971 ஜனவரியில் குமாசியில் முதல் ஆட்டம் நடந்தது. 1-க்கு 1. சமம். பழைய கதை போலவே இருந்தது.

மறு ஆட்டம், ஜனவரி 24-ந் தேதி, கின்ஷாசா நகரில். எதிரியின் நாடு. அரங்கு நிறைய எதிரியின் ரசிகர்கள்.

கொட்டோகோவின் தலைவர் இப்ராகிம் சண்டே. கோல் காவலர் ராபர்ட் மென்சா.

மென்சா எப்போதும் தலையில் ஒரு தொப்பி போட்டிருப்பார். அந்தத் தொப்பியில் மந்திரம் இருப்பதாகப் பலர் நம்பினார்கள். எதிர்க் குழுவினர் கூட அந்தத் தொப்பியைக் கண்டு அஞ்சினார்கள் என்று குமாசியில் கதை சொல்வார்கள்.

ஆட்டத்தில் கொட்டோகோ 2-க்கு 1 என்று முந்தியது. ஆட்டம் முடியும் நேரம். அப்போது எங்கிள்பெர்ட்டுக்கு ஒரு "பெனால்டி" கிடைத்தது!

பந்துக்கும் கோலுக்கும் நடுவே ஒரே ஒரு ஆள். ராபர்ட் மென்சா!

பந்து கோலுக்குள் போகவில்லை!

மந்திரமா? தந்திரமா? எதுவாக இருந்தால் என்ன? கோப்பை குமாசிக்கு வந்தது. 1967-ல் எந்த ஊரில் இருந்து வெறுங்கையுடன் திரும்பினார்களோ, அதே ஊரில் இருந்து கோப்பையுடன் திரும்பினார்கள்.

ஆனால், அதைப் பார்க்க ஒருவர் இல்லை. 1935-ல் கழகத்துக்குப் பெயர் கொடுத்த இரண்டாம் பிரெம்பே ராஜா, 1970 மே மாதம் காலமாகிவிட்டார். கோப்பை வந்தது, 8 மாதம் கழித்து!

தொப்பிக்காரரின் முடிவு

அந்த ஆண்டு ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரராக இப்ராகிம் சண்டே தேர்ந்தெடுக்கப்பட்டார். 2-வது இடம் ராபர்ட் மென்சாவுக்கு.

அந்தப் பெருமையை அனுபவிக்க மென்சாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1971-ம் ஆண்டு, டெமா என்ற துறைமுக ஊரில், ஒரு மதுக்கடையில் சண்டை மூண்டது. உடைந்த பாட்டிலால் மென்சாவை ஒருவர் குத்திவிட்டார். மென்சா உயிர் பிழைக்கவில்லை.

எத்தனையோ பந்துகளைத் தடுத்தவர், ஒரு பாட்டிலுக்கு இரையானார். நாடே அழுதது.

1983-ல் கொட்டோகோ மீண்டும் ஆப்பிரிக்க சாம்பியன் ஆயிற்று. எகிப்து நாட்டின் "அல் அஹ்லி" கழகம் அதற்கு முந்திய ஆண்டு இறுதிக் கட்டத்தில் கொட்டோகோவைத் தோற்கடித்திருந்தது. இந்த முறை கெய்ரோவில் கோல் இல்லாமல் சமம். குமாசியில் ஒபோகு இன்டி ஒரு கோல் போட்டார். அந்த ஒரு கோலே போதுமானதாக இருந்தது!

மறக்க முடியாத நாள்

கொட்டோகோவுக்கும் ஹார்ட்ஸ் ஆப் ஓக்குக்கும் எப்போதும் போட்டி. இரண்டு குழுவும் மோதினால், வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டாகிவிடும்!

2001 மே 9-ந் தேதி, அக்ரா அரங்கில் இரண்டு குழுவும் மோதின. ஹார்ட்ஸ் 2-க்கு 1 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரம். கொட்டோகோ ரசிகர்களில் சிலர் ஆத்திரம் கொண்டு நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள்.

போலீசார் கண்ணீர்ப் புகை வீசினார்கள். மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். ஆனால், வெளியே போகும் கதவுகள் பூட்டிக் கிடந்தன!

நெரிசலில் 126 பேர் இறந்தார்கள்.

ஆட்டம் பார்க்கப் போன மகன் திரும்பவில்லை. கணவன் திரும்பவில்லை. செத்தவர்களில் எந்தக் கட்சி என்று யார் பிரித்துப் பார்ப்பது?

பந்து மகிழ்ச்சிக்காக உதைப்பது. அதற்காக உயிரைக் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. அந்த நாள் கானா மக்களுக்கு இந்தப் பாடத்தைக் கண்ணீரால் எழுதிக் கொடுத்தது.

முள் முளைக்கிறது!

கொட்டோகோ அதற்குப் பிறகும் ஆடியது. 2003-ல் லீக் பட்டம் வென்றது. பிறகும் பல முறை வென்றது. 2022-லும் வென்றது.

இன்று ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு. குமாசியில் பெரிய அரங்கு உண்டு.

அன்று? ஒரு டிரைவர் இருந்தார். ஓர் எலெக்ட்ரீசியன் இருந்தார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிய வானவில் சட்டை இருந்தது. அவ்வளவுதான்!

பாபா யாரா போனார். மென்சா போனார். ஆனால், குமாசியின் தெருக்களில் சிறுவர்கள் இன்றும் பந்து உதைக்கிறார்கள்.

முள் விழுந்தால் என்ன? அந்த இடத்தில் இன்னொரு முள் முளைக்கும்!